சாந்தாமணி நிறுத்தம்

ஈரோட்டுக்கு மேற்கே வாய்க்கால்மேட்டில், மஞ்சள் கிடங்கின் மதில்சுவருக்குள் சாந்தாமணியின் வலது கை போய்விட்டது. அவள் சுவரை இடிக்கவும் இல்லை, யாரையும் அடிக்கக் கை ஓங்கவும் இல்லை, தறிப்பட்டறைக்கு நூல் சுற்றப் போகிற வழியில் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்குவதற்காக ஒற்றைக்காலில் நின்று, எல்லாரும் ஊன்றுகிற மாதிரி சுவரில் கையை ஊன்றினாள், சுவர் பிசைந்த மாவு போல வழிவிட்டு முழங்கை வரைக்கும் வாங்கிக்கொண்டது, பிறகு இறுகிவிட்டது. லாரிகள் பின்னால் வந்து இடித்து இடித்துத் தள்ளியதால், செங்கல்லை விட்டுவிட்டுக் கம்பி கட்டி, ஓரடிக் கனத்தில் கான்கிரீட்டில் எழுப்பிய சுவர் அது. வலி இல்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது, விரல்களைக்கூட அசைக்க முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தவர்கள், அங்கே விரலும் இல்லை நகமும் இல்லை, ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை என்று வந்து சொன்னார்கள். சாந்தாமணி முதலில் சொன்ன வார்த்தை, "ஐயோ, பஸ்ஸு போயிருமே" என்பதுதான்.

தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள், சோப்பு நுரை ஊற்றினார்கள், எதிரில் டீக்கடை வைத்திருந்த மாரப்பன் வெண்ணெய் கொண்டுவந்து தடவினான், கடைசியில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, உடைக்கிற மெஷினை வைத்தால் அந்த ஆட்டத்தில் சுவர் விரிவதற்கு முன்னால் எலும்பு விரிந்துவிடும், எங்களிடம் இருக்கிற வட்டத் தகட்டு மெஷினை வைத்தால் பாதிக் கனத்துக்கு மேல் இறங்காது, மூலையில் வெட்டுக்கோட்டைத் தாண்டி வேறு ஓடும், உள்ளே கை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறதோ யார் கண்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. பிழையில்லாத ஒரு பதிலைக் கேட்டுவிட்டால் ஒரு ஊருக்கு எவ்வளவு நிம்மதி வந்துவிடுகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

முதலில் எல்லாரும் அழுதார்கள், அதில் சந்தேகமில்லை. பிறகு ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், இன்னொருவர் கல்யாணப் பந்தலில் மிச்சமான தகரத்தை மேலே சாத்தினார், கூட்டுறவு வங்கிக்காரர்கள் தங்கள் பெயர் போட்ட குடையைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சுகாதார நர்ஸ் வந்து தெருவையே நிற்க வைத்து, "ஏனுங்க, குடை குடுத்தீங்க, தகரம் குடுத்தீங்க, அந்தம்மா ஒண்ணுக்குப் போறதப் பத்தி ஒருத்தராச்சும் யோசிச்சீங்களா?" என்று திட்டிய பிறகு சுற்றிலும் தார்ப்பாய் மறைப்பும் அடியில் ஒரு துளை நாற்காலியும் வந்தன. எல்லாவற்றுக்கும் சாந்தாமணி, "இருக்கட்டுங்க, எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்றாள். அந்த ஊரில் மரியாதை என்பது மூச்சு மாதிரி. வாசலுக்கு வந்த நாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள். சாந்தாமணி அதிலும் ஒரு படி மேல். காலை மிதித்தவனிடம் கால் வலிக்கிறதா என்று கேட்கிறவள்.

அழுது முடித்த ஊர், அவள் அங்கேயேதான் இருக்கிறாள் என்பதை மெல்ல மெல்லக் கவனித்தது. கவனித்தபின் சும்மா இருக்க முடியுமா? வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள், கூரியர்காரர்கள் பார்சலை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளை, "அக்காகிட்ட நில்லு கண்ணு" என்று விட்டுவிட்டுத் தாய்மார்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள், நகர முடியாத ஒருத்தியிடம் சொன்ன ரகசியம் எங்கே நடந்துபோகும் என்று சண்டை போட்ட மருமகள்களும் மாமியார்களும் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். புருஷன் சென்னியப்பன் காலையில் இட்லி கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போவான், கெட்ட மனுசன் இல்லை, ஆனால் அவனே கொஞ்ச நாளில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்து, "சும்மாதான உக்காந்திருக்கற" என்றான். அவள் இடது கையால் உரித்தாள்.

பஸ்காரர்கள் அவளைப் பார்த்து வேகத்தைக் குறைக்கப் பழகி, பிறகு நிற்கப் பழகினார்கள். கண்டக்டர்கள் "சாந்தாமணி, சாந்தாமணியெல்லாம் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் 'சாந்தாமணி நிறுத்தம்' என்று பலகை வைத்து, அதில் தன் பெயரை அவள் பெயரைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டார். ஆடி மாதம் யாரோ அவள் கை நுழைந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேர் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார்கள். ஒரு பொம்பளையை நகரவிடாமல் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவது நமக்கொன்றும் புதிய பழக்கமில்லையே. சாந்தாமணி கூச்சப்பட்டு நெளிந்தாள். "இருக்கட்டுங்க" என்றாள்.

ஆனால் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவளுக்கு முழங்கைக்கு மேலே ஒரு விரல் தள்ளி ஒரு மச்சம். சுவர் பிடித்த அன்றைக்கு அது நன்றாக வெளியே இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியபோது மச்சம் சுவரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு அது இல்லை. மெதுவாக, நகம் வளர்கிற வேகத்தில், சுவர் அவளை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. கைக்கு அப்புறம் தோள், தோளுக்கு அப்புறம் கழுத்து என்று அவளுக்குக் கணக்குத் தெரியாமலா இருந்தது? சொன்னால் எல்லாரும் சங்கடப்படுவார்கள். இவ்வளவு செய்தவர்களைப் போய்ச் சங்கடப்படுத்துவதா? முந்தானையை இழுத்துத் தோள்மேல் போட்டு மூடிக்கொண்டாள்.

கார்த்திகையில், கிடங்குக்காரருக்கு லாரி நுழைய இரண்டாவது கேட் தேவைப்பட்டது. அதற்காகக் கோயமுத்தூர் உக்கடத்திலிருந்து ஒரு டெம்போ வந்தது. அதிலிருந்து இறங்கியவள் ரஹீமா, சிவில் டிப்ளமோ படித்துவிட்டுக் கான்கிரீட் அறுக்கிற வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்கிறவள், முப்பது வயதுக்குள், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். கூட வந்தவர் துரைக்கண்ணு, அறுபதை நெருங்குகிற மனிதர், டெம்போவின் மேலே இருந்த பவர்பேக் என்கிற எஞ்சினை ஓட்டுகிறவர். அந்த எஞ்சின் எண்ணெயை அழுத்தத்தில் குழாய் வழியாகத் தள்ளும், அந்த எண்ணெயின் பலத்தில் வைரத்துகள் பதித்த சங்கிலிவாள் கான்கிரீட்டையும் கம்பியையும் சேர்த்து அறுக்கும்.

"அந்தம்மாவ விட்டுட்டு இக்கட்டயிருந்து வெட்டிக்குங்க," என்றார் கிடங்குக்காரர்.

"ஏன், அவுங்க யாரு?"

"சாந்தாமணிங்க. அவுங்க அங்கதான் இருப்பாங்க."

"இருப்பாங்கன்னா? வேலைக்குச் சேத்திருக்கீங்களா?"

மாரப்பன் டீ ஆற்றிக்கொண்டே சிரித்தான். "அம்மிணி, பஸ் ஸ்டாப்பே அவுங்க பேருலதான் இருக்குது."

"பேரு வெச்சீங்க, சரி. கையை எடுத்தீங்களா?"

தெருவே சேர்ந்து தீயணைப்புக்காரர்கள் சொன்னதைச் சொன்னது. ரஹீமா முழுசாகக் கேட்டாள், அது ஒரு நல்ல குணம். "அவுங்க சொன்னது அவுங்க மெஷினுக்குச் சரி," என்றாள். "இது நேரா உள்ள குத்தி எறங்கும். ஒரே பக்கத்துல நின்னு ஓரடியும் அறுக்கும், மூலையில கோட்டைத் தாண்டாது, சொவத்தை ஆட்டாது. இப்புடி ஒண்ணு இருக்குதான்னு யாராச்சும் ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. ஆனால் இப்போது எல்லாருக்கும் கேள்வி இருந்தது. சுவர் பலம் போய்விடாதா என்றார் ஒருவர். அப்புறம் சாவியை யாரிடம் கொடுப்பது என்றாள் ஒருத்தி. பலகையில் பெயரை மாற்ற வேண்டியிருக்குமே என்றார் கவுன்சிலரின் மச்சான். சென்னியப்பன் மட்டும் தயங்கித் தயங்கி, "அவளுக்கு அங்க ஒரு கொறையும் இல்லீங்க" என்றான்.

"கொறை இல்லீன்னா நீங்க ஒரு நாளைக்குக் கையை வெச்சுப் பாக்கறது?"

சென்னியப்பன் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ரஹீமா தார்ப்பாயை விலக்கிச் சாந்தாமணியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க."

"இருக்கட்டும் அம்மிணி. நீங்க கேட் வேலையப் பாருங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"முந்தானையைச் சித்தெ எடுங்க." அவளே எடுத்தாள். ஜாக்கெட்டுக் கையின் ஓரம் சுவருக்குள் போயிருந்தது. "மொதல் நாளே துணியோடதான் போச்சா?"

சாந்தாமணி தரையைப் பார்த்தாள். அப்புறம், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சர்க்கரை இல்லை என்று ஒப்புக்கொள்கிற குரலில், "இங்க ஒரு மச்சம் இருந்துச்சுங்க" என்றாள்.

மாரப்பனின் கையில் டீ ஆறாமல் நின்றது. கும்பிட வந்திருந்த ஒருத்தி எலுமிச்சம்பழத்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வெட்டட்டா?" என்றாள் ரஹீமா.

"நீங்க பாத்துச் செய்யுங்க."

"அதான் முடியாது. என்னால பாக்க முடியாது. உள்ள உங்க கை எக்கட்டத் திரும்பியிருக்குதுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். சங்கிலி கிட்ட வந்தா மொதல்ல தண்ணி குளிரும், அப்புறம் அதிர்வு தெரியும். தண்ணி பட்டதும் 'நிறுத்து'ன்னு கத்தோணும். நான் காதை மூடியிருப்பேன், நீங்க இடது கையில பலகையைப் புடிச்சு மூஞ்சிய மறைச்சிருப்பீங்க. எஞ்சின்கிட்ட நிக்கற துரைக்கண்ணண்ணனுக்குக் கேக்கற மாதிரி கத்தோணும், அவரு எண்ணெயை நிறுத்துவாரு. எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

சாந்தாமணி தொண்டையைச் செருமினாள். "சித்தெ நிறுத்திக்கலாமுங்களா?"

"அக்கா, இதை நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள சங்கிலி நாலு வெரலையும் தாண்டி அக்கட்ட போயிரும். 'சித்தெ' வேண்டாம், 'ங்களா' வேண்டாம். நிறுத்து."

"நிறுத்துங்..."

"'ங்' வேண்டாம்."

"வயசுல மூத்தவரு அம்மிணி. எப்புடிங்க அவரைப் போயி..."

துரைக்கண்ணு டெம்போவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னை நாயேன்னுகூடச் சொல்லு கண்ணு. சத்தமாச் சொல்லு."

அவள் பல தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு 'ங்' ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பி, கான்கிரீட், எண்ணெய்க் குழாய் எதற்கும் பயப்படாத ரஹீமா அந்த ஓரெழுத்துக்குப் பயந்தாள். "நான் வேலைய ஆரம்பிக்கறேன்," என்றாள் கடைசியில். "நீங்க சொல்லுவீங்கன்னு நம்பி ஆரம்பிக்கறேன்."

அவள் வேலை செய்த விதத்தைச் சாந்தாமணி பலகைக்கு மேலே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏனென்றால் அது தன் கை. ரஹீமா உறை போட்ட கையால் சங்கிலியை இழுத்துப் பார்த்தாள், இழுத்தால் ஓட வேண்டும், தொங்கக் கூடாது. குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வந்த ஒருவர் விரலை நீட்டியபோது துரைக்கண்ணு அவர் கையைத் தட்டிவிட்டு, "அழுத்தத்துல வர்ற எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறிரும்" என்று சொல்லி, ஓர் அட்டையைக் குழாயோரம் நகர்த்திக் காட்டினார். பின்னால் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்று ரஹீமா தெருவை விரட்டினாள். நுனியின் மேல்பக்கம் சுவரில் பட்டால் வாள் அப்படியே எகிறித் திரும்பும் என்றாள். சாந்தாமணிக்குத் தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, மேலே பாலித்தீன் விரிப்பு. வெட்டப்போகிற துண்டு கால் டன்னுக்கு மேல் கனம், அது அவள் கையில் தொங்கக் கூடாது என்று அடியில் ஜாக்கி கொடுத்துப் பலகை அடுக்கினார்கள்.

முதலில் தண்ணீர், அப்புறம்தான் சங்கிலி. தண்ணீர் ஓடாமல் அவள் விசையைத் தொடவே இல்லை. சுற்றிலும் விரல் ஆழத்துக்கு ஒரு சதுரக் கோடு கிழித்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்குள்ளேயே ஆழமாக இறங்கினாள். தள்ளவும் இல்லை, திருகவும் இல்லை, வாள் போகிற போக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பி வந்தபோது சத்தம் மாறியது, அவள் அவசரப்படாமல் வாளை மெல்ல ஆட்டி ஆட்டி அதையும் தாண்டினாள். அடிக்கோடு முதலில், அதைக் கடைசியாக விட்டால் துண்டு இறங்கி வாளைக் கவ்விக்கொள்ளும். அந்தப் பிளவில் மரஆப்பு வைத்துவிட்டு மேல்கோடு. பிறகு இடது பக்கம். சாம்பல் நிறச் சேறு சுவரில் வழிந்து, பூசியிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் கழுவிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. மூன்று பக்கமும் சாந்தாமணியின் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊர் மூச்சு விட்டது.

வலது பக்கம் பாதி ஆழத்தில் அவளுடைய நடுவிரல் நனைந்தது.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு நகத்துக்குள் ஓர் அதிர்வு, கொசு ரீங்காரம் போல. அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் தோள்கள் வேர்த்து ஒழுகுவதைப் பார்த்தாள், இவ்வளவு தூரம் வந்துவிட்டாள், பாவம், இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தாள். தூரத்தில் சென்னியப்பன் கையை அமர்த்தி, பொறுத்துக்க, பொறுத்துக்க என்று சைகை காட்டுவதைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் வாயில் வந்து நின்ற எல்லா 'ங்க'வும் வரிசையாக வந்து நின்றன, சித்தெ, இருக்கட்டும், பரவால்லீங்க, எதுக்குச் சிரமம், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிட்டு நீங்க போங்க, நீங்க போங்க என்று ஒதுங்கி நின்றது, அதிர்வு நகத்திலிருந்து முதல் கணுவுக்கு வந்தது.

"நிறுத்துடா!"

எஞ்சின் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு அது போனது. துரைக்கண்ணு வால்வை அடித்தார். சங்கிலி நின்றது. தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அறுபது வயது மனிதரை 'டா' போட்டுவிட்ட சாந்தாமணி வாயைப் பொத்தக் கையைத் தேடினாள், ஒரு கை சுவரில், இன்னொரு கை பலகையில். துரைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்புடிப் போடு கண்ணு!"

ரஹீமா வாளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். "எவ்வளவு தூரம்?"

"வெரல் நுனிக்கே வந்துருச்சு," என்றாள் சாந்தாமணி. குரலில் ஒரு 'ங்'கும் இல்லை. "அக்கட்டத் தள்ளிப் போடு. ஒரு சாண். அதுக்குக் கொறையக் கூடாது."

ஒரு சாண் தள்ளிப் புதுக் கோடு போட்டு, மேலும் கீழும் நீட்டி, ரஹீமா திரும்பவும் இறங்கினாள். கடைசிக் கம்பி அறுந்ததும் துண்டு ஜாக்கியின் மேல் ஒரு நூல் இறங்கி உட்கார்ந்தது. சுவரிலிருந்து பிரிந்த நிமிஷத்தில் அது வெறும் கல்லாகிவிட்டது. அவளைப் பிடித்திருந்தது சுவர்தான், கல்லுக்கு யாரையும் பிடித்துவைக்கத் தெரியாது. சாந்தாமணி கையை இழுத்தாள். தயிரிலிருந்து கரண்டி வருவது போல வந்தது. மச்சம் வந்தது, முழங்கை வந்தது, மணிக்கட்டு வந்தது, துணி துவைத்து ஊறியது போல வெளுத்துச் சுருங்கிய ஐந்து விரல்களும், ஒவ்வொன்றிலும் அங்குல நீளத்துக்கு வளர்ந்த நகமும் வந்தன. அவள் கையை மடக்கினாள், நீட்டினாள்.

தெரு கத்தியது, விசில் அடித்தது. மாரப்பன் எல்லாருக்கும் டீ என்றான். இரண்டு பேர் அழுதார்கள், ஒருத்தி மெல்ல, "அப்ப எங்க ஊட்டுச் சாவி..." என்று ஆரம்பித்துப் பக்கத்திலிருந்தவளிடம் இடி வாங்கினாள். சாந்தாமணி யாரையும் பார்க்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு எட்டு நடந்து, ரோட்டின் நட்டநடுவில், சாம்பல் சேற்றில், வலது கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். தலை தரையைத் தொடுவதற்கு முன்பே தூங்கிவிட்டாள்.

பவானி பஸ் வந்து நின்று ஹாரனில் கை வைத்தது. ரஹீமா வேலைக்குக் கொண்டுவந்த சிவப்பு நாடாவைச் சாந்தாமணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, டிரைவரைப் பார்த்த ஒரு பார்வையில் எஞ்சின் அணைந்தது. ஆட்கள் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி நடந்தார்கள்.

"அம்மிணி, சேறு இறுகிரும்," என்று கிசுகிசுத்தார் துரைக்கண்ணு. "தண்ணியில ஓட்டிக் கழுவோணும், இல்லீன்னா சங்கிலி நாளைக்கு நவுராது."

"எஞ்சின் போட்டா எந்திரிச்சிருவாங்க." ரஹீமா சங்கிலியைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டு, பழைய பல்துலக்கி ஒன்றால் கண்ணி கண்ணியாகத் தேய்க்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் பக்கத்தில் ஒரு குடம் வந்து இறங்கியது. சென்னியப்பன். அவள் திட்டவில்லை. அதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"மெதுவா ஊத்துங்க," என்றாள். "சத்தம் வரக் கூடாது."

அவன் ஊற்றினான். சாந்தாமணி மறுபக்கம் புரண்டு படுத்தாள்.